நாற்பது வயதுக் கழுகும் நம்முடைய களைப்பும்



கழுகின் கதையை நீங்கள் அனைவரும் கேட்டிருப்பீர்கள். நாற்பது வயதை எட்டிய கழுகு, அலகு வளைந்து, நகங்கள் மழுங்கி, சிறகுகள் கனத்துப்போன நிலையில் தனியே மலையுச்சிக்குப் பறந்து செல்லும். பாறையில் மோதி மோதித் தன் அலகை உடைத்துக்கொள்ளும். புதிய அலகு முளைத்ததும் அதைக்கொண்டு நகங்களைப் பிடுங்கும். புதிய நகங்களால் சிறகுகளைப் பிடுங்கும். ஐந்து மாதங்கள் கழித்து வாலிபத்தோடு திரும்பி வந்து இன்னும் முப்பது ஆண்டுகள் வாழும். ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகம் 40-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும்போதெல்லாம் நானும் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை ஆராதனை முடிந்தபின் ஞாயிறு பள்ளி மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, அலகில்லாமல் ஐந்து மாதம் கழுகு எதைத் தின்னும் என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

பதில் இல்லாததற்குக் காரணம், அப்படியொரு கழுகு இல்லை. அலகை உடைத்துக்கொண்ட பறவை சில வாரங்களில் பட்டினியால் செத்துப்போகும். காட்டில் வாழும் கழுகுகளில் பெரும்பாலானவை முப்பது வயதைக்கூட எட்டுவதில்லை. மெய்யாக நடப்பது வேறு. கழுகு தன் பழைய இறகுகளை ஒரே நேரத்தில் உதிர்ப்பதில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக, பறக்கும் வலிமை குன்றாதபடி, மாதக்கணக்கில் உதிர்த்துப் புதிதாக்கிக்கொள்கிறது. தேவன் படைத்த கழுகு, நாம் புனைந்த கழுகைவிட ஞானமுள்ளது. அந்தப் பிரசங்கத்தை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இதை இன்று எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் சபையில் நாற்பதிலிருந்து அறுபது வரை வயதுள்ள ஆண்களில் பலர் களைத்துப்போயிருக்கிறார்கள். ஆராதனையில் கண் சொருகுகிறார்கள். வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிறு காரியத்துக்கும் எரிந்து விழுகிறார்கள். சில மாதங்களுக்கு முன் அவர்களில் ஒரு சகோதரர், எல்லாரும் போகும் வரை காத்திருந்து என்னிடம் வந்தார். சொந்தமாகச் சிறிய லேத் பட்டறை வைத்திருப்பவர். பெயரும் ஊர்ப்பக்கமும் வேண்டாம். எழுதுவதற்கு அவரே அனுமதி தந்தார்.

"பாஸ்டருங்க, ஒடம்புல சத்தே இல்லீங்க. ராத்திரி படுத்தாலும் அசதி தீரமாட்டீங்குது. வீட்டுல அவளோட மொகத்தப் பாக்கவே கூச்சமா இருக்குதுங்க. நான் ஏதோ பாவஞ் செஞ்சிருக்கறனுங்களா?"

தலைகுனிந்துதான் அவர் இதைச் சொன்னார். மேலும் கேட்டபோதுதான் தெரிந்தது, கைப்பேசியில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, ஆண்மையையும் பெலனையும் மீட்டுத்தரும் என்று சொன்ன ஒரு பொடியை நான்கு மாதமாக வாங்கி உண்டிருக்கிறார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி அதற்குப் போயிருக்கிறது. மனைவிக்கும் தெரியாது.

அந்தப் பொடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட ஆசை புதியதன்று. 1889-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பிரவுன் செக்கார் என்னும் புகழ்பெற்ற மருத்துவ அறிஞர், தம்முடைய 72-ஆம் வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தமக்குத்தாமே ஊசியில் ஏற்றிக்கொண்டு, இழந்த வலிமை திரும்பிவிட்டதாக அறிஞர் சபையில் அறிவித்தார். உலகமே ஓடிவந்தது. அவர் ஐந்து ஆண்டுகளில் மரித்தார். அந்தச் சாற்றில் மெய்யான சுரப்பு ஏறக்குறைய ஒன்றுமே இருந்திருக்க முடியாது என்றும், அவர் உணர்ந்தது நம்பிக்கையின் விளைவே என்றும் பின்னாளில் தெளிந்தார்கள். அறிஞரே ஏமாந்தார் என்றால், பட்டறையில் பன்னிரண்டு மணிநேரம் நின்றுவிட்டு இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியைப் பார்க்கிற நம் சகோதரர் ஏமாந்ததில் என்ன வியப்பு?

நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டிலேயே, தாம்பத்திய சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்துகளை விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் பேருந்து நிலையச் சுவர்களிலும், பின்னிரவுத் தொலைக்காட்சியிலும், இப்பொழுது கைப்பேசியிலும் அவை வந்துகொண்டேயிருக்கின்றன. மூலிகை என்று எழுதி விற்கப்படும் இத்தகைய பொருள்கள் சிலவற்றில், மருத்துவர் சீட்டோடு மட்டுமே தரவேண்டிய சில்டெனாஃபில் என்னும் மருந்து மறைவாகக் கலக்கப்பட்டிருந்ததைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். நெஞ்சுவலிக்காக நாக்கின்கீழ் மாத்திரை வைத்துக்கொள்பவர் அறியாமல் இதை உண்டால், இரத்த அழுத்தம் சடுதியில் வீழ்ந்து உயிரே போகலாம். "இயற்கை" என்ற சொல் அட்டைப்பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருப்பதாலேயே உள்ளிருப்பது இயற்கையாகிவிடாது.

இனி, மெய்யான சுரப்பைப் பற்றி. டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆணின் விதைகளில் சுரந்து இரத்தத்தில் கலக்கும் ஒரு பொருள். மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஆணையிட, விதைகள் சுரக்கின்றன. போதிய அளவு சுரந்ததும் மூளை ஆணையைக் குறைத்துக்கொள்கிறது. தசை, எலும்பு, இரத்த அணுக்கள், மனவுற்சாகம், தாம்பத்திய இச்சை ஆகிய அனைத்திலும் அதற்குப் பங்குண்டு. அதிகாலையில் அதன் அளவு உச்சத்திலிருக்கும்; மாலையில் தாழும். முப்பதைக் கடந்தபின் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் குறைவது பொதுவான போக்கு. இது நோயன்று. தலை நரைப்பதைப் போன்றது.

ஐரோப்பாவின் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயது வரையுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வொன்று 2010-இல் வெளியானது. வயதினால் உண்டாகும் சுரப்புக் குறைபாடு என்று உறுதியாகச் சொல்லத்தக்க நிலை, அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேருக்கே இருந்தது. ஆகவே, களைப்படைந்த ஒவ்வொரு ஆணுக்கும் சுரப்பு வற்றிவிட்டது என்பது வியாபாரிகளின் கூற்று. பெரும்பாலானோருக்குச் சுரப்பிகள் நன்றாயிருக்கின்றன. நாம் வாழும் முறை அவற்றை அமுக்கிவைத்திருக்கிறது.

எப்படி அமுக்குகிறது? முதலாவது வயிறு. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, ஆண் சுரப்பைப் பெண் சுரப்பாக மாற்றும் ஆற்றலுடையது. இடுப்பளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டுவது இந்திய ஆண்களுக்கு எச்சரிக்கை. கூடவே சர்க்கரை நோய் சேர்ந்தால் இன்னும் தாழ்வு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தச் சுரப்பு குறைந்திருப்பதை 2004-இல் ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் அதிகம் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு கூறுகிறது. அதில் முன்னின்று உழைத்தது நம் சென்னையிலுள்ள ஆராய்ச்சி நிலையமே. ஆகையால் இது தூரதேசத்துச் செய்தியன்று. நம் பந்தி வரிசைகளில் உட்கார்ந்திருக்கிற செய்தி.

இரண்டாவது, நித்திரை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான பத்து வாலிபர்களை எட்டு இரவுகள் ஐந்து மணிநேரம் மட்டுமே உறங்கச் செய்தார்கள். ஒரே வாரத்தில் அவர்களுடைய பகல்நேரச் சுரப்பு 10 முதல் 15 சதவீதம் வரை குறைந்தது. அந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. பத்துப் பேரைக் கொண்ட சிறிய ஆய்வுதான். ஆயினும் பெரியநாயக்கன்பாளையத்தில் வாழும் நமக்கு அது உறைக்கவேண்டும். இந்த மேட்டுப்பாளையம் சாலையின் இருபுறமும் இயந்திரத் தொழிற்சாலைகளும் நூற்பாலைகளும் பட்டறைகளும் நிறைந்திருக்கின்றன. முதல் ஷிப்டு, இரண்டாம் ஷிப்டு, இரவு ஷிப்டு என்று வாரந்தோறும் நித்திரையின் நேரம் மாறுகிற தகப்பன்மார் எத்தனை பேர்! சொந்தப் பட்டறைக்காரரோ ஷிப்டே இல்லாதவர். ஆர்டர் வந்தால் இரவு, வராவிட்டால் கவலையினால் இரவு. மின்கட்டணமும் தவணையும் அவரோடு படுக்கைக்கு வருகின்றன.

இங்கே எலியாவைப் பார்க்கும்படி உங்களை அழைக்கிறேன். 1 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரத்தில் அவர் கர்மேலில் அக்கினியை இறங்கப்பண்ணி, ஆகாபின் இரதத்துக்கு முன்னே யெஸ்ரயேல் வரைக்கும் ஓடுகிறார். மறு அதிகாரத்திலேயே, வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று கேட்கிறார். தேவன் அவருக்கு என்ன செய்தார் என்பதை வரிசை மாறாமல் வாசித்துப் பாருங்கள். கடிந்துகொள்ளவில்லை. விசுவாசக் குறைவு என்று சொல்லவில்லை. எலியா உறங்கினார். தூதன் தொட்டு எழுப்பி, நெருப்பில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவர் உண்டு, குடித்து, மறுபடியும் உறங்கினார். மறுபடியும் ஆகாரம். அதற்குப் பிறகுதான் நாற்பது நாள் நடை. அதற்கும் பிறகுதான் ஓரேபின் குகையில் கேள்வி. அங்கேயும், தனியனாக நின்றவருக்கு எலிசாவைத் துணையாகத் தருகிறார். பரலோகத்திலிருந்து வந்த தூதன் பிரசங்கம் ஒன்றும் பண்ணாமல் சமையல் செய்தான் என்பது, பிரசங்கியாகிய எனக்குப் பலமுறை சங்கடத்தை உண்டாக்கிய பகுதி.

ஆகவே சொல்லவேண்டியதை நேரடியாகச் சொல்லுகிறேன். நம் சபை மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமையில் நடத்துகிற முழு இரவு ஜெபத்தை, இப்பொழுது நடக்கிற வடிவில் தொடரக்கூடாது என்பது என் கருத்து. இரவு பத்து மணிக்குத் தொடங்கி நான்கு மணிக்கு முடித்து, ஆறு மணி ஷிப்டுக்கு இருசக்கர வாகனத்தில் அதே மேட்டுப்பாளையம் சாலையில் லாரிகளின் நடுவே நம் சகோதரர்களை அனுப்புகிறோம். வராதவர்களைக் குறித்து முணுமுணுக்கிறோம். நம் ஆண்டவர் இரவு முழுவதும் ஜெபித்தாரே என்று மூப்பர்களில் சிலர் கேட்பீர்கள். மெய்தான், லூக்கா 6-இல் இருக்கிறது. அதே ஆண்டவர் புயலின் நடுவே படவில் தலையணையின்மேல் உறங்கினார். உண்ணவும் நேரமில்லாதிருந்த சீஷர்களைத் தனித்த இடத்துக்கு இளைப்பாற அழைத்தார். துரோவாவில் பவுல் நடுராத்திரி மட்டும் பிரசங்கித்தபோது, ஐத்திகு என்ற வாலிபன் உறக்க மயக்கத்தில் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டாரே தவிர, உறங்கினதற்காகக் கண்டித்ததாக அப்போஸ்தலர் நடபடிகளில் எங்கும் இல்லை. நம் சாலையில் விழுகிறவனை அணைத்தெடுக்க எந்தப் பவுல் நிற்கிறார்?

ஆகாரத்தைக் குறித்து நம் கொங்கு மண்ணுக்கு யாரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. சோளச்சோறும் கம்பங்கூழும் ராகிக்களியும் கொள்ளுப்பருப்பும் தட்டைப்பயறும் நம் பாட்டன்மாரின் உணவு. ஒரு தலைமுறையில் அவற்றை விட்டுவிட்டு, மூன்று வேளையும் வெள்ளை அரிசியையும், நடுவில் பேக்கரியையும் பிடித்துக்கொண்டோம். கோயம்புத்தூர்ப் பேக்கரிகளின்மேல் எனக்கும் பிரியமுண்டு, மறைக்கவில்லை. ஆனால் கணக்குப் பாருங்கள்: ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் டீயிலேயே 40 கிராம் சர்க்கரை. சேர்க்கும் சர்க்கரையை 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. பப்ஸையும் தேங்காய் பன்னையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. தட்டில் சோற்றைப் பாதியாக்கி, பருப்பும் பயறும் முட்டையும் கீரையும் நிலக்கடலையும் கூட்டினாலே போதும். இதற்கென்று விலையுயர்ந்த மாவு டப்பாக்கள் தேவையில்லை. சர்க்கரை உள்ளவர்கள் கூழும் களியும் அளவோடுதான். சிறுதானியம் என்பதால் குண்டான் நிறையக் குடிக்கலாம் என்றில்லை.

"நாள் முழுக்க மெசின்ல நிக்கறனே, அதுவே எக்சர்சைஸ் இல்லீங்களா" என்று கேட்கிறவர்களுக்கு: நிற்பது களைப்பு, பயிற்சியன்று. வாரத்தில் 150 நிமிடம் வேகமான நடையும், இரண்டு நாள் தசைகளுக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் இருபது முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கையூன்றித் தண்டால் எடுங்கள். தசை கூடக்கூடச் சர்க்கரை அடங்கும். வயிறு குறையக் குறையச் சுரப்பு தானே ஏறும். மலையடிவாரத்துப் பக்கம் குடியிருப்பவர்கள் மட்டும் விடியுமுன் நடக்கப் போகவேண்டாம். யானைகள் இறங்கும் காலத்தில் உடற்பயிற்சி ஓட்டப்பந்தயமாகிவிடும்.

குடியைப் பற்றி நீண்டு எழுதப்போவதில்லை. களைப்பைத் தீர்க்கவென்று அருந்தப்படும் அது, விதைகளையும் கல்லீரலையும் நித்திரையையும் ஒருங்கே கெடுக்கிறது. சபைக்கு வருகிறவர்களில் குடிப்பவர் இல்லை என்று நான் நடிக்கவுமில்லை. வந்து பேசுங்கள், என் வாயிலிருந்து வெளியே போகாது. உரக்கக் குறட்டைவிட்டு, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிக்கிறவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். எட்டு மணிநேரம் படுத்தும் களைப்புத் தீராததற்கு அதுவே காரணமாயிருக்கலாம். சகோதரிகளே, இதை உங்கள் கணவர் அறியமாட்டார், நீங்கள்தான் அறிவீர்கள்.

இயற்கையாய் மீளுவதை நான் ஆதரித்து எழுதுவதால், யாரும் சர்க்கரை மாத்திரையையோ இரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்திவிடக்கூடாது. விசுவாசத்தின் பெயராலும் நிறுத்தக்கூடாது. எசேக்கியாவுக்குப் பதினைந்து ஆண்டுகள் கூட்டித்தருவேன் என்று தேவன் வாக்களித்த அதே வேளையில், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கும்படி ஏசாயா சொன்னார். வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே வாயிலிருந்து வந்தன. பவுலோடு பயணம் செய்த லூக்கா மருத்துவர்.

களைப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் முதலில் பார்க்கவேண்டியவை எளியவை: சர்க்கரை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு, பி12. நீண்டநாள் மெட்ஃபார்மின் உண்பவர்களுக்கு பி12 குறைவதுண்டு. மனச்சோர்வும் உடற்களைப்பாகவே வரும், ஆண்களுக்கு விசேஷமாய். அழ வெட்கப்படுகிறவனுக்கு முதுகு வலிக்கிறது. தாம்பத்தியத்தில் தளர்ச்சி உண்டானால் அதையும் மறைக்காதீர்கள். சில வேளைகளில் அது, சில ஆண்டுகளில் வரப்போகும் இருதய நோய்க்கு முன்னறிவிப்பு. மருத்துவர் டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனை எழுதினால், காலை பத்து மணிக்குமுன் வெறும் வயிற்றில், வெவ்வேறான இரண்டு நாட்கள் எடுக்கவேண்டும். மாலையில் ஒருமுறை எடுத்துத் தாழ்வு என்று பயமுறுத்தினால் நம்பவேண்டாம். மெய்யாகவே குறைபாடுள்ளவர்களுக்குச் சிகிச்சை உண்டு, அது பாவமும் அன்று. ஆனால் தேவையில்லாமல் உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னார்கள் என்று ஊசி போட்டுக்கொண்டால், மூளை தன் ஆணையை நிறுத்திவிடும், விதைகள் சுருங்கும், பிள்ளைப்பேறும் தடைப்படலாம். கம்பெனியில் பணிபுரிகிறவர்களுக்குச் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, மற்றவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரையும் அழுத்தமும் இலவசமாய்ப் பார்க்கிறார்கள்.

எண்பத்தைந்து வயதில் தன் பெலன் குறையவில்லை என்று சொன்ன காலேபைக் காட்டி, ஆண்கள் கூடுகையில் உங்களை வெட்கப்படுத்துகிற வழக்கமும் நமக்குண்டு. யோசுவா 14-ஐ மறுபடி வாசித்தேன். காலேப் தன்னைக் குறித்துச் சாட்சி சொன்னார். அடுத்தவனுடைய களைப்பை அளக்க அதைக் கோலாகக் கொடுக்கவில்லை.

அந்தப் பட்டறைச் சகோதரருக்குப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 240-க்கு மேல் இருந்தது. பல காலமாக இருந்திருக்கவேண்டும். பொடியை நிறுத்தி, மாத்திரையைத் தொடங்கி, பட்டறையை இரவு எட்டரைக்கு அடைக்கிறார். பணத்தைப் பற்றி மனைவியிடம் அவரே சொன்னார். அந்த வீட்டில் அந்த வாரம் எளிதாயிருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். முற்றிலும் தேறிவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். சென்ற வாரம் பார்த்தபோது, "முன்ன மாதிரி இல்லீங்க பாஸ்டருங்க, கொஞ்சம் பரவால்லீங்க" என்றார். இங்கொன்றும் அங்கொன்றுமாக இறகு முளைக்கிறது.

முழு இரவு ஜெபத்தைக் குறித்த என் ஆலோசனை இந்த மாதச் சபைக் கமிட்டியின்முன் வருகிறது: மாலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு ஆசீர்வாதம். மாறுபட்ட எண்ணமுள்ள மூப்பர்கள் தயவுசெய்து நேரில் வந்து பேசுங்கள். என்னுடைய எண்ணத்தை மாற்றிக்கொள்ளவும் ஆயத்தமாயிருக்கிறேன். அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஆண்கள் மட்டும் அரைமணி நேரம் இருங்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கொண்டுவருவதாக, சபையில் செவிலியராயிருக்கிற நம் சகோதரி ஒருவர் சொல்லியிருக்கிறார். இடுப்பளவுக்கு ஒரு டேப்பும் இருக்கும். முதலில் என்னுடையதை அளப்போம்.